சாவிப் பக்கம் இருந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் நகராட்சித் தலைவர் ஹாஜி தய்யிப் அவர்களே, துஆ ஓதி இந்த அவையைத் தொடங்கிவைத்த இமாம் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உஸ்தாவின் துணைவியார் மெஹ்ரிய்யா அவர்களே, தூஸ் நகரத்துப் பெருமக்களே, வெளியே வண்டியை அணைக்காமல் நிறுத்திவிட்டு உள்ளே வந்திருக்கும் ஓட்டுநர்களே! உங்கள் அனைவர் மீதும் சாந்தி உண்டாவதாக.

ஏன் அணைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அணைத்தால் மறுபடி கிளம்புமோ கிளம்பாதோ என்ற பயம். நாற்பது நாளுக்கு முன்னால் இந்த ஊரில் யாருக்காவது அந்தப் பயம் இருந்ததா? சந்தைக்கு வந்தாலும் சாவுக்கு வந்தாலும் தைரியமாக அணைத்தீர்கள். ஏனென்றால் பள்ளிவாசல் தெருமுனைக் கடையில் நம் மெக்கானிக் உஸ்தா பெல்காசிம் இருந்தார்.

என் பெயர் அம்மார். அவருடைய கூட்டாளி. ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பானட்டுக்குள் தலையை விட்டு, வாழ்நாளில் பாதியை அவரோடு சண்டை போட்டே கழித்தவன். நேற்று ஹாஜி என்னைக் கூப்பிட்டு, பெல்காசிமுடைய பெருமையைப் பேசு என்றார். பேசுகிறேன். ஆனால் அவர் என் பேச்சை முழுதாகக் கேட்டதே இல்லை. பாதியில் மறித்துப் பேசுவார். இன்று யாரும் மறிக்கப் போவதில்லை என்பதே எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருக்கிறது.

எங்கள் சண்டை எதைப் பற்றி? ஒரு வண்டி நின்றுபோனால், சாவியின் கட்டளையைக் கேட்டு மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலே என்பேன் நான். அவர் எர்த் என்பார். மின்சாரம் போகும் வழியை நான் தேடுவேன். அது திரும்பி வரும் வழியை அவர் தேடுவார். என் கையில் மீட்டர் இருக்கும். அவர் கையில் இரண்டு வயர் கட்டிய ஒரு பழைய பல்பு.

"டேய் அம்மார், உன் மீட்டர் நல்லவன் மாதிரி பேசும்டா. வயர் ஒத்தை இழையில தொங்கிட்டு இருந்தாலும் பன்னெண்டு வோல்ட்னு சத்தியம் பண்ணும். என் பல்பு வேலை செஞ்சு காட்டும். சரியில்லைன்னா மங்கிப் போயிடும்" என்பார்.

ஹாஜி தய்யிப் அவர்களே, நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் மருமகளை அழைத்துவந்த நாளை நினைத்துத்தானே? ஊர்வலத்தில் முதல் வண்டி உங்களுடைய பிக்கப். நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின்னால் வலது பக்க இண்டிகேட்டர் எரிந்தது. தலைவர் வலப்பக்கம் திரும்பப் போகிறார் என்று நம்பி, பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் பேரீச்சந் தோப்புக்குள் போய்விட்டன. மணப்பெண்ணும் போய்விட்டாள்! மறுநாள் நான் உங்கள் வண்டியின் சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பினேன். பெல்காசிம் நேராகப் பின்பக்கம் போய், விளக்குக்கு எர்த் கொடுக்கும் ஒரே ஒரு போல்ட்டைச் சுரண்டி இறுக்கினார். எல்லாம் சரியாகிவிட்டது. தோற்றவன் தேநீர் போட வேண்டும் என்பது எங்கள் கடைச் சட்டம். அன்றும் நான்தான் கரியடுப்பை ஊதினேன். பெரும்பாலும் நான்தான் ஊதினேன்.

இதெல்லாம் நீங்கள் அறிந்த பெல்காசிம். நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பழுது பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். ஒருவர் ரிலேயின் மேல் விரலை வைத்து, அது துடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாருக்குச் சந்தேகமோ அவர் பானட்டுக்குள். மற்றவர் சாவியில். நான் ரிலே என்று அடம்பிடித்த நாளெல்லாம் சாவியில் உட்கார்ந்தவர் யார்? நான் சொல்வது தப்பு என்று நன்றாகத் தெரிந்தவர்! தெரிந்தும் நான் "போடு" என்றால் போட்டார். "விடு" என்றால் விட்டார். வெயில் ஏறினாலும் இறங்கவில்லை, அவசரப்படுத்தவில்லை, முகம் சுளிக்கவில்லை. தன்னை எதிர்த்துப் பேசுகிறவனுக்காக அப்படி ஒழுங்காகச் சாவி திருப்ப எத்தனை பேரால் முடியும்? இந்த மேடையில் இருப்பவர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

கடைசியாக எங்கள் கடைக்கு வந்த சண்டை சால்ஹாவின் வண்டி. அதோ, பெண்கள் பகுதியில் அமர்ந்திருக்கிறார். தெற்கே கிணறு வற்றிய மேய்ச்சலில் இருக்கும் தம்பிமாருக்கும் ஒட்டகங்களுக்கும் பிக்கப்பில் தொட்டி ஏற்றித் தண்ணீர் கொண்டுபோகிறவர். சூடேறியதும் வண்டி நின்றுவிடும். ஆறினால் கிளம்பும். போன் எடுக்காத மணல் நடுவே, இந்தக் கோடையில், தனியாக ஒரு பெண்! நான் ரிலே என்றேன். அவர் எர்த் என்றார். அன்று காலையில் ஆரம்பித்து நண்பகல் லுஹர் தொழுகை வரைக்கும் கத்தினோம். "சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் கண்ணசந்துட்டு வரேன். வந்து உன்னை வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த மதியத் தூக்கத்திலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு நான் கடையைத் திறக்கவில்லை. சால்ஹாதான் வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். "ஒட்டகத்துக்குத் துக்கம் தெரியாது அண்ணே. தம்பிங்க தண்ணிக்கு வாடகை வண்டிக்காரனைக் கெஞ்சிக்கிட்டு இருக்காங்க" என்றார்.

போனேன். முதலில் எதைத் திறந்தேன் தெரியுமா? ரிலேயை அல்ல. எஞ்சினிலிருந்து சேஸிக்குப் போகும் எர்த் வயரை. அவருடைய போல்ட்டை. கழற்றிப் பார்த்தேன், துரு இல்லை. அவருடைய பல்பையே வைத்துப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், அது மங்கியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் ஜெயித்துவிட்டுப் போயிருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

பிறகு வண்டியை ஓடவிட்டுச் சூடேற்றினேன். நின்றது. சால்ஹா சாவியில். "போடும்மா" என்றேன். பெட்ரோல் பம்ப் ரிலேயின் மேல் என் விரல். துடிப்பு இல்லை. ரிலேயைப் பிடுங்கி அந்த இடத்தில் பல்பை வைத்தேன், எரிந்தது. கட்டளை வருகிறது, ரிலேதான் கேட்கவில்லை. ஹார்ன் ரிலேயை எடுத்து அங்கே செருகினேன். வண்டி உடனே கிளம்பியது. பழைய ரிலேயின் மூடியைப் பிரித்தால், ஈயம் வைத்த இடத்தில் தலைமுடி போல ஒரு வெடிப்பு. சூட்டில் அது விலகும், ஆறினால் சேரும்.

நான் நிமிர்ந்து, "பார்த்தியாடா!" என்று கத்தினேன். அவருடைய முக்காலியைப் பார்த்துக் கத்தினேன்.

வண்டிக்குள்ளிருந்து சால்ஹா, "யாரைண்ணே சொல்றீங்க?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்றேன். அன்றும் நான்தான் தேநீர் போட்டேன். ஜெயித்தவனும் நானே, போட்டவனும் நானே. அதன் பிறகு எத்தனையோ வண்டிகள் வந்தன, பார்த்தேன், அனுப்பினேன். நான் சொன்னதை யாரும் மறுக்கவில்லை. "நீங்க சொன்னா சரிதான் உஸ்தா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். இப்படி ஒரு தனிமையை நான் அறிந்ததில்லை.

மெஹ்ரிய்யா அவர்களே, உங்களுக்கு இந்த அவையின் முன்னால் ஒரு வாக்குத் தருகிறேன். கடை திறந்திருக்கும். அந்தப் பல்பு ஆணியில் தொங்கும். எந்த வண்டி வந்தாலும் முதலில் எர்த்தைத்தான் திறப்பேன். அவர் பக்கத்து வாதத்தை முழுதாகச் சொல்லி முடித்த பிறகே என் பக்கத்தைத் தொடங்குவேன். அவர் அளவுக்கு நன்றாகச் சொல்ல எனக்கு வராது. முயல்வேன். இறைவன் அவருடைய மண்ணறையை விசாலமாக்கட்டும்.

ஊர்மக்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாலை வேண்டாம், தெருவுக்கு அவர் பெயர் வைப்பதெல்லாம் ஹாஜி பார்த்துக்கொள்வார். நாளைக் காலையில் நான் ஏதாவது ஒரு வண்டியின் பானட்டுக்குள் குனிந்திருப்பேன். பழக்கதோஷத்தில் "போடு" என்று சொல்வேன். அந்த நேரத்தில் யார் அந்தப் பக்கம் நடந்து போனாலும் சரி, அவசர வேலையாகவே இருந்தாலும் சரி, கொஞ்சம் நின்று, கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து, அந்தச் சாவியைத் திருப்பிவிட்டுப் போங்கள்.