தெருப்பக்க ஜன்னல்

காலையில் முதலில் மாமிக்குப் பல் விளக்கிவிடுவேன். வெந்நீரில் மேல் கழுவி, நைட்டி மாற்றி, தலை சீவிவிடுவேன். புட்டைப் பழத்தோடு பிசைந்து, மாத்திரையை அதற்குள் வைத்து ஊட்டுவேன். பால் விடாத கட்டங்காப்பியை ஆறிய பிறகுதான் கொடுக்க வேண்டும். சூடாக இருந்தால் முகத்தில் துப்பிவிடுவார். அதோடு என் வேலைகள் முடிந்துவிடும். மிச்சம் இருப்பது பகல் மட்டும்.

எபின், நேற்று அடக்கம் முடிந்து வந்ததும், "அத்தான், அம்ம கடைசியா என்ன சொன்னா?" என்று கேட்டாய். தோஹாவிலிருந்து வந்த மகனிடம் பாதி மட்டும் சொல்லி அனுப்பக் கூடாது. முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் அக்கா பிரீனா இறந்தபோது இந்த வீடு நிறைந்திருந்தது. அடுப்பு மூட்ட என்னை விடவில்லை. ஜெபக்கூட்டங்கள் முடிந்ததும் நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு நானும், மறதி நோய் முற்றிய மாமியும் மட்டும். நான் வேலையை விட்டேன். நாகர்கோவில் டாக்டர், "தனியாப் பாக்காதீங்க. அக்கம்பக்கத்தையும் சபையையும் கூட்டிக்கிடுங்க. மகளக் கேட்டா வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க, போதும்" என்றார்.

சபையில் கேட்டேன். மூப்பர் யேசுரத்தினம் ஆராதனை முடிவில், "தங்கபாய் அம்மைய எல்லாரும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்க" என்று அறிவித்தார். ஒரு வாரம் வந்தார்கள். மாமி சிரித்தார், பாட்டுப் பாடினார்.

"பாட்டும் படிச்சிட்டு சுகமாட்டுத்தான இருக்கா. பிறவு நாங்க என்னத்துக்கு?" என்றார் அடுத்த வீட்டுப் பெமிலா அக்கா. அது நியாயம்தான். அமைதியாக இருக்கும் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள்.

ஒரு காலையில் மாமி பிரீனாவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். களைத்துப்போய், "அவ செத்துப் போனா மாமி" என்றேன். மாமிக்கு அது புதுச் செய்தி. நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதார். தெருவே ஓடி வந்தது. பெமிலா அக்கா கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார். பெண்கள் மாமியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"ஏட்டி, சம்மந்தியில உப்பக் கூட்டிப் போடு. இந்தப் பய உப்பில்லாமத் தின்னே வாழைநாரு மாதிரி ஆயிட்டான்" என்று அடுக்களையில் தேங்காய்த் துவையல் அரைத்தவளிடம் ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாலைக்குள் மாமி எல்லாம் மறந்து, "என்ன விசேஷம், எல்லாரும் வந்திருக்கிய?" என்று கேட்டார். அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. எனக்கு ஒரு பகல் கடந்தது.

அதன் பிறகு, தாங்க முடியாத நாளில் மட்டும் சொன்னேன். பிறகு அவர் கேட்காத நாளிலும் சொன்னேன். முதலில் தெருப்பக்க ஜன்னலைத் திறந்துவைப்பேன். அடைத்திருந்தால் சத்தம் பெமிலா அக்கா வீட்டோடு நின்றுவிடும். மாமியின் எதிரே உட்கார்ந்து, கைகள் இரண்டையும் பிடித்துக்கொள்வேன். மென்மையாகச் சொன்னால் முனகுவார். முனகலுக்கு யாரும் வருவதில்லை. நாளடைவில் அழுகைக்கும் ஆட்கள் பழகிவிட்டார்கள். அதனால் சவப்பெட்டியில் பிரீனா கிடந்த படத்தைப் போனில் காட்டினேன். மறுபடியும் வந்தார்கள். மூப்பரும் வந்து, "மக்கா, உன் பொறுமைக்குக் கர்த்தர் பலன் தருவாரு" என்றார்.

இதைக் கொடுமை என்று நீ நினைக்கலாம். மறந்துபோகிறவருக்கு எந்தத் துக்கமும் ஒரு பகல்தான். எனக்கு அப்படி இல்லை. பிரீனாவின் அடக்கத்தில் எனக்கு அழுகை வரவில்லை. மாமி எங்கள் இருவருக்கும் சேர்த்து அழுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலையில் புட்டு ஊட்டி முடித்து, ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கைகளைப் பிடித்தேன். மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்று சொன்னார். அதைக் கேட்ட பிறகும் நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். படத்தையும் காட்டினேன். அவர் வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. என் தோளில் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அன்று நானே தெருவில் இறங்கி ஆட்களைக் கூப்பிட வேண்டியிருந்தது.

நேற்று எத்தனை பேர் வந்தார்கள் என்று நீயே பார்த்தாய். "ஏசப்பா" என்று சொல்லிக் கண்ணை மூடினார் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மூப்பர் அதை ஜெபத்திலும் சேர்த்துக்கொண்டார். மாமி உண்மையில் சொன்னது இதுதான்:

"சொல்லாண்டாம் மக்கா. சொல்லாமலே நான் அழுது தாறேன்."