சட்டைப்பைக்குள் அண்ணி

"ஹலோ... ஹலோ, சொல்லு சின்னவளே... ஏன் இப்படி மூச்சு வாங்குது? எங்க இருக்க?... பாத்ரூம்லயா? பாத்ரூம்ல இருந்துட்டு எதுக்குடி எனக்கு போன் பண்ற?"

அண்ணி சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுடைய வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. நாடகங்களைப் படம் எடுப்பது அவள் தொழில். போன வாரம் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று மேடையைக் குறிபார்த்தவள், ஸ்டூலோடு சாய்ந்துவிட்டாள். கேமராவைக் காப்பாற்றப் போய்க் கையை முறித்துக்கொண்டாள். இன்றைக்கு நாடகக் குழுவின் கடைசி ஒத்திகை. போஸ்டருக்கான படம் சாயங்காலத்துக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வேறு வழியில்லாமல் கணவனின் தங்கையைத் தன் இடத்துக்கு அனுப்பியிருந்தாள். வீட்டுக்குக் கடைக்குட்டி என்பதால் எல்லோருக்கும் அவள் சின்னவள்.

அனுப்பும்போதே ஒரு சண்டை. அண்ணி தன்னுடைய இரண்டு டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களையும், முழங்கை நீள லென்ஸையும் துடைத்துப் பையில் போட்டு வாசலில் வைத்திருந்தாள். சின்னவள் அந்தப் பையைத் தொடக்கூட இல்லை. "இந்த இஸ்திரிப் பெட்டியை யாரு தூக்குவா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, உள்ளங்கையில் அடங்கும் தன்னுடைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"சரி, அழாம சொல்லு... ம்... ம்... முதல் பாதி முடிஞ்சிருச்சா?... சரி, இடைவேளை. படமெல்லாம்?... என்ன கறுப்பு?... ஒண்ணு ரெண்டு இருட்டா வந்தா என்ன இப்போ... எல்லாமேவா?... முழுக் கறுப்பா?... என்ன மூடி?"

ஒரு கணம் அண்ணிக்கு எதுவும் பிடிபடவில்லை. பிடிபட்டதும் வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மாவுக்கட்டைக் குலுக்கியது.

"ஆ... வலிக்குதுடி, சிரிக்க வைக்காத... லென்ஸ் மூடியைக் கழட்டாமலே முதல் பாதி முழுக்க எடுத்தியா?... இல்ல, சிரிக்கல... சரி, சிரிக்கிறேன், என்ன இப்போ?... என்னோடதா இருந்தா கண்ணை வச்ச உடனே இருட்டா இருந்திருக்கும்டி. நான் லென்ஸ் வழியா பாக்கறேன். உன்னோடதுக்குத் தனியா ஒரு ஜன்னல். வாசக்கதவு பூட்டிக் கிடக்கு, நீ ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டு, ஆகா எல்லாம் தெரியுதுன்னு... சரி சரி, நிறுத்திட்டேன். அழாத... பின்னாடி ஸ்கிரீன்ல ஒரு தடவைகூடப் பாக்கலையா?... அணைச்சு வச்சிருந்தியா... ஆமா, ஆமா, இருட்டு ஹால்ல அந்த வெளிச்சம் எல்லார் கண்ணையும் உறுத்தும்தான். இல்ல, அது நல்ல காரியம். அதுல தப்பு சொல்ல மாட்டேன். மூடி மட்டும்தான் தப்பு... யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க அண்ணன்கிட்ட மட்டும்... சரி, அவர்கிட்டயும் இல்ல."

சிரித்தபடியே பேசினாலும் அண்ணிக்கு உள்ளுக்குள் பயம்தான். அந்தக் குழுவின் கதாநாயகியை எல்லோரும் மேடம் என்றுதான் அழைப்பார்கள். போன நாடகத்தில், மேடம் மெதுவாக ஒரு வசனம் பேசிக்கொண்டிருந்த இடத்தில் அண்ணியின் கேமரா 'டக்' என்றது. மேடம் அப்படியே வசனத்தை நிறுத்திவிட்டு, இருட்டுக்குள் அவள் இருந்த திசையைப் பார்த்தாள். அன்றிலிருந்து அண்ணிக்குக் கடைசி வரிசைதான். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று டைரக்டர் பக்குவமாகச் சொல்லியிருந்தார்.

"மேடம் உன்னை எதாவது சொன்னாங்களா?... பாத்தாங்களா? பாத்துட்டு?... கேமராவைப் பாத்து பொம்மையான்னு கேட்டாங்களா! நல்லா வேணும் உனக்கு... அப்புறம்?... யாரு, அவங்களே சொன்னாங்களா?... மேடை மேலயேவா?... எந்தப் பெட்டி? அந்த டிரங்குப் பெட்டி மேலயா?..."

அண்ணி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள். இத்தனை வருஷத்தில் மேடத்தின் அருகில் ஐந்தாவது வரிசைக்கு முன்னால் அவள் போனதே இல்லை. இவள் போன முதல் நாளே மேடை ஓரத்தில் பெட்டி போட்டு உட்காரவைக்கிறார்கள்.

"இல்ல, இருக்கேன், கேட்டுட்டுதான் இருக்கேன். இப்போ நான் சொல்றதை நல்லா கேளு. ரெண்டாம் பாதியில மேடத்துக்கு ஒரே ஒரு காட்சிதான், கடைசிக் காட்சி. ரொம்ப வருஷம் கழிச்சு வீட்டுக்குத் திரும்பி வர்றாங்க, மூடின கதவு முன்னால வந்து நிக்கிறாங்க. தட்டறதுக்குக் கையைத் தூக்கிட்டு, தட்டாம அப்படியே நிப்பாங்க... ஆமா, அதேதான். டைரக்டர் அந்த அமைதியைப் பத்தித்தான் எல்லார்கிட்டயும் பெருமையடிச்சுட்டுத் திரியறாரு. அங்கதான் உனக்குப் படம்... போஸா? செத்தாலும் குடுக்க மாட்டாங்க. கேட்டே வைக்காத.

"என்ன வரல?... ஃபோகஸா? நடுவுல ஒரே ஆள் ரெண்டாத் தெரியும், ரிங்கைத் திருகினா ரெண்டும் ஒண்ணா சேரும், அதைவிட சுலபம் உலகத்துலயே இல்லன்னு சாப்பிட உக்காந்தாப் பாடம், எழுந்தாப் பாடம் நடத்துவியே... இருட்டுல சேந்துச்சா இல்லையான்னே தெரியலையா... அட பாவமே. என்னோட இஸ்திரிப் பெட்டி தானா ஃபோகஸ் பண்ணிக்கும்னு நான் சொல்ல மாட்டேன்... சொல்லலையே... சொன்ன மாதிரியா கேட்டுச்சு?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அண்ணி குரலைக் கொஞ்சம் இறக்கினாள்.

"சரி, விளையாட்டுப் போதும். மேடையில அந்தக் கதவுக்குப் பித்தளைக் கைப்பிடி ஒண்ணு இருக்கும் பாரு... ஆமா, பளபளன்னு. இப்பவே போய்ப் பெட்டி மேல உக்காந்து, அந்தக் கைப்பிடியைப் பாத்து ரெண்டு பிம்பத்தையும் ஒண்ணா சேர்த்து வச்சுக்கோ. எத்தனை இருட்டுலயும் அது மின்னும். வச்சுட்டு, அப்புறம் ரிங்கைத் தொடவே தொடாத. அவங்க அந்தக் கைப்பிடிகிட்டதான் வந்து நின்னாகணும். தன்னால ஃபோகஸ்ல வந்து விழுவாங்க... எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களா? ஃபோட்டோகிராஃபர்டி நான். உனக்கு வெறும் அண்ணியாத்தான் தெரியறேன்.

"போ, பெல் அடிக்கப்போறாங்க. போனை வை... ஏன்?... கூடவே இருக்கணுமா? நான் என்ன, உன் சட்டைப்பைக்குள்ள உக்காந்துட்டு வரவா?... சரி, சரி, நடுங்காத. வைக்க வேண்டாம். அப்படியே பைக்குள்ள போட்டுக்கோ. உங்க அண்ணன் சட்டைதானே மாட்டிட்டுப் போயிருக்க, பை பெருசாத்தான் இருக்கும்... மூச்சே விட மாட்டேன், சத்தியமா. மூடியைக் கழட்டிட்டியா?... பைக்குள்ள போடு... போனையும்தான். ரெண்டையும் போடு. போ."

துணி உரசும் சத்தம் கேட்டது. பிறகு காலடிகள், கதவு, ஒரு மணி. அதற்கப்புறம் நாடகம் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கலாக அண்ணியின் காதுக்கு வந்தது. வசனம் ஒன்றும் தெளிவாக இல்லை. ஆனால் யார் குரல், எந்தக் காட்சி என்று அவளுக்குத் தெரியும். கதையில் வரும் தம்பிகள் சண்டை போட்டார்கள். வக்கீல் வந்து போனார். அண்ணி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கழுத்து வலித்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறிப்போயிற்று. தெருவில் யாரோ ஹார்ன் அடித்தபோது ஓடிப்போய் இடது கையால் ஜன்னலைச் சாத்தினாள்.

கடைசியில் எல்லாச் சத்தமும் அடங்கியது. மெல்ல ஒரு செருப்புச் சத்தம் மட்டும் நடந்து வந்து நின்றது. மேடம் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். கை உயர்ந்திருக்கும். இதுதான் இடம்.

அண்ணி காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவளுடைய கேமராவாக இருந்தால் இதற்குள் ஏழெட்டு தடவை 'டக் டக்' என்று கேட்டிருக்கும். இங்கே ஒன்றும் இல்லை. சின்னவளின் மூச்சு மட்டும் சீராக ஏறி இறங்கியது.

"எடு," என்று முணுமுணுத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

"எடு சின்னவளே... எடும்மா... கை உறைஞ்சு போச்சா?... ஐயோ, தட்டிடுவாங்களே..."

அமைதி நீண்டுகொண்டே போனது. இந்த ஒரு கணமும் போய்விட்டால் போஸ்டருக்குக் கறுப்புக் காகிதத்தைத்தான் கொடுக்க வேண்டும். அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். தான் இருப்பது வீடு, அவள் இருப்பது மேடை என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"அடியே, எடுத்துத் தொலையேன்டி!"

வீடே அதிர்ந்தது. அந்தப் பக்கம் அமைதி இன்னும் கனத்தது. பிறகு ஒரு சிரிப்பு வெடித்தது. அடிவயிற்றிலிருந்து வரும், கட்டுப்படுத்த முடியாத பெண் சிரிப்பு. அதைத் தொடர்ந்து கலவையாகப் பல குரல்கள்.

"ஹலோ?... ஹலோ, சின்னவளே... கேட்டுச்சா?... யாருக்கெல்லாம்?... கடைசி வரிசை லைட்மேனுக்குமா?... ஏன்டி ஸ்பீக்கரைப் போட்டு சத்தத்தை முழுசா ஏத்தி வச்ச?... பாத்ரூம்ல தண்ணி சத்தத்துல கேக்கலைன்னு ஏத்தினியா, சரி, அப்புறம் இறக்க மாட்டியா?... நான் சத்தியம் பண்ணினேன்தான்... பண்ணினேன்தான்டி, மறந்துட்டேன்... டைரக்டர்?... தலையில கை வச்சு உக்காந்துட்டாரா... ஐயோ, முடிஞ்சுது. அவ்வளவுதான், நம்ம பொழப்பு முடிஞ்சுது. யாருடி அது இன்னும் சிரிக்கறது?... மேடமா? அவங்களுக்குச் சிரிக்கத் தெரியுமா?

"பின்ன நீ ஏன் எடுக்காம மரம் மாதிரி இருந்த? அதனாலதானே கத்தினேன்... எடுத்தியா?... எப்போ?... கையைத் தூக்கினதுல இருந்தா?... ஒரு சத்தமும் வரலையேடி. நெஞ்சுகிட்டயேதானே இருந்தேன், எனக்கே கேக்கலையே... அப்போ அந்த ஹால்ல வாயைத் திறந்தது நான் ஒருத்திதானா?"

அண்ணி சோபாவில் பொத்தென்று விழுந்தாள். முகம் சூடாகிவிட்டது.

"என்ன? யாருக்கு?... குடுக்காத. வேண்டாம், சின்னவளே, குடுக்காத, நான் இல்லன்னு சொல்லிடு... வணக்கம்மா!"

யாரும் பார்க்கவில்லை என்றாலும் எழுந்து நின்றுகொண்டாள். இடது கை தானாக முடியைச் சரிசெய்தது.

"ஆமாம்மா... நான்தாம்மா... மன்னிச்சுடுங்கம்மா, தெரியாம... இல்லம்மா, கை பரவால்ல, கட்டுப் பிரிக்க இன்னும் நாளாகும்... ஆமாம்மா. போன தடவை என் கேமரா கத்துச்சு, இந்தத் தடவை நானே கத்திட்டேன்... ஐயோ, நீங்க சிரிக்கறீங்க... பாத்துட்டீங்களா படத்தை?... ம்... ம்... அந்தச் சிரிப்பேவா? போஸ்டருக்கா? சோக நாடகமாச்சேம்மா... ஆமா, வீட்டுக்குத் திரும்பி வர்றவ ஏன் அழுதுகிட்டேதான் வரணும், அதுவும் சரிதான். டைரக்டர்?... நீங்க சொன்னா கேப்பாருதான்... முதல் நாள் காட்சிக்கா?... அவளையா?"

அண்ணி வாசலில் கிடந்த கேமராப் பையை ஒரு தடவை பார்த்தாள்.

"வருவாம்மா. கண்டிப்பா வருவா. எங்க வீட்டுப் பொண்ணும்மா அவ... நானுமா?... பின்னாலருந்து மொத்த மேடையையும் எடுக்கணுமா... வர்றேம்மா. அந்த நீள லென்ஸை ஸ்டாண்டுல மாட்டிக்கிட்டு வர்றேன், இடது கையே போதும்... வாயை மட்டும் வீட்டுல வச்சுட்டு வரணுமா... சரிங்கம்மா. ரொம்ப சந்தோஷம்மா."

போன் கை மாறியது.

"போயிட்டாங்களா?... நிஜமா போயிட்டாங்களா? அப்பாடி. அனுப்புடி அதை முதல்ல... இரு, வருது... வந்துருச்சு."

படம் திரையில் விரிந்தது. கதவுக்கு முன்னால் மேடம். தட்டத் தூக்கிய கை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. முகம் மட்டும் இந்தப் பக்கம் திரும்பி, கண்கள் சுருங்கி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறது. ஒவ்வொரு இமைமுடியும் தனித்தனியாகத் தெரிந்தது. பின்னால் மங்கலாக, தலையில் கைவைத்த ஒரு மனிதர்.

"பாத்துட்டுதான்டி இருக்கேன்... திரும்பிச் சிரிக்கப்போறாங்கன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?... அந்த ஜன்னல்ல படத்தோட கட்டத்துக்கு வெளியேயும் தெரியுமா? ஓ... தோள் குலுங்கறதை முன்னாடியே பாத்துட்டியா... சரி, பட்டனை அமுக்கினப்போ?... அப்பவும் தெரிஞ்சுதா? அந்தச் சிரிப்பே கண்ணுக்குத் தெரிஞ்சுதா?... இருட்டலையா?"

அண்ணியின் கேமராவில் பட்டனை அமுக்கினால் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பும். கண் சிமிட்டும் நேரம் எல்லாம் இருண்டுவிடும். படத்தில் விழுவது அந்தச் சிமிட்டும் நேரம்தான்.

"ஒண்ணுமில்ல, யோசிச்சேன். இத்தனை வருஷத்துல எத்தனை பேர் சிரிக்கறதை எடுத்திருப்பேன்... ஒண்ணைக்கூட நான் பாத்ததில்லடி. எல்லாம் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பாத்ததுதான்... சேச்சே, அழுவாங்களா? கட்டு அரிக்குது.

"சரி, நேரா அச்சகத்துக்கு ஓடு... என்னது?... குறை சொல்லணுமா? நான் குறை சொல்லலைன்னா உனக்குத் தூக்கம் வராதா?... இரு, பாக்கறேன்."

போனைச் சோபாவில் கிடத்தி, இடது கையின் இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடினாள். கண், இமை, கை, கைப்பிடி, கதவு. வெகுநேரம் ஆயிற்று.

"ஆங், மாட்டிக்கிச்சு. இடது ஓரத்துல பாரு, ஒரு சிவப்பு வாளி... ஆமா, தீப்பிடிச்சா அணைக்கறதுக்கு மணல் போட்டு வைப்பாங்களே, அதுதான். பாதி உள்ள வந்திருக்கு... கட்டம் தோராயமாத்தான் காட்டுமா? நல்ல கேமராடி! என்னோடதா இருந்தா அந்த வாளி உள்ள வந்தே இருக்காது..."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு பதில் வந்தது. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"ஆமா, ஆமா... சிரிப்பும் வந்திருக்காது. போதுமா? வாளியை வெட்டாத, அப்படியே குடு. வை போனை."

சின்னவள் வைப்பதற்குள் அண்ணியே முந்திக்கொண்டு இணைப்பைத் துண்டித்தாள்.