கடைசி பஸ்ஸின் இருபத்தேழாம் இலக்கப் பயணி

நீங்கள் தந்த பேனை நன்றாக எழுதுகிறது, ஐயா. தபால் கந்தோரில் முப்பத்துநான்கு வருஷம், நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனைகளோடு மாரடித்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். அவற்றால் எழுதுவதைவிட ஆணியால் கீறுவது சுகம். வாக்குமூலத்தை என் கையாலேயே எழுதுகிறேன் என்றதற்கு நீங்கள் சம்மதித்தது உங்கள் பெருந்தன்மை. உங்கள் சார்ஜன்ற் எழுதியிருந்தால் இரண்டு பந்தியில் முடித்திருப்பார்.

என் பெயர் கேதீஸ்வரன். வயது எழுபத்தொன்று. ஓய்வுபெற்ற உப தபாலதிபர். ஓய்வுக்குப் பிறகு கல்வெட்டு எழுதினேன். செத்தவீட்டின் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுப்பார்களே, அந்த நினைவுப் புத்தகம்தான். வலிகாமத்தில் நான் எழுதாத பிணம் இல்லை. கஞ்சனை வள்ளலாக்கினேன். கோப்பையைத் தூக்கிச் சுவரில் எறிகிறவனைப் பொறுமையின் இருப்பிடம் ஆக்கினேன். வாசித்திருந்தால் இயமனே ஆள்மாறிக் கொண்டுவந்துவிட்டோமோ என்று பயந்திருப்பான். செத்தவர்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு. ஒருவரும் திருத்தம் சொல்ல வந்ததில்லை.

உதயகலா என்னைத் தேடி வந்ததும் கல்வெட்டால்தான். தகப்பனுக்கு நான் எழுதியதை வாசித்துவிட்டு வந்து நின்றாள்.

"அங்கிள், இது எங்கடை அப்பா இல்லை. ஆனா வாசிக்க வாசிக்க, இவரே அப்பாவா இருந்திருக்கலாமெண்டு வருது."

இதைவிடப் பெரிய பட்டத்தை எனக்கு எந்தச் சபையும் தந்ததில்லை. மெல்பேர்னில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்து, யாழ்ப்பாணத்தில் நாலு கணினியோடு ஒரு கந்தோர் போட்டிருந்தாள் பிள்ளை. அவள் விற்றது பஸ் ரிக்கற். கையால் தொட முடியாத ரிக்கற். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வலிகாமமே காலியாகித் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்த அன்று, கடைசியாக ஒரு பஸ் புறப்பட்டதாகக் கற்பனை. ஒவ்வொரு ரிக்கற்றிலும் ஒரு பயணியின் படம், ஓர் இலக்கம். வாங்கினால், அது உமது என்று இணையத்தில் யாரும் அழிக்க முடியாதபடி பதிவாகும். அப்படி ஒரு பஸ் அன்று ஓடவேயில்லை. நாங்கள் மழையில் நடந்தோம். ஆனால் ரொறன்ரோவில் இருக்கிறவனுக்கு நடந்ததைவிட ஏறியது இனிக்கும்.

படங்கள் கிடந்து காய்ந்தன.

"படத்தை ஒருத்தரும் வாங்க மாட்டினம், அங்கிள். கதையைத்தான் வாங்குவினம். வாங்கினவையள் எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி ஆகவேணும்," என்றாள். எப்படி என்றும் சொல்லித் தந்தாள். கதையை ஒரேயடியாகச் சொல்லக்கூடாது. ஒரு கேள்வியைத் திறந்தே வைக்க வேண்டும். வாங்கியவர்களைக் கதைக்குள் வந்து எழுத விட வேண்டும். தேடுவதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும். பெரிய முடிவுகளை அவர்களையே எடுக்க விட வேண்டும்.

"பிள்ளை, இதைத்தான் நாங்கள் ஊர்வம்பு எண்டுறது," என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் வயது இருபது குறைந்தது.

இருபத்தேழாம் இலக்கப் பயணி ஆறு வயதுப் பெண்பிள்ளை. மஞ்சள் சட்டை. இடது முழங்கையில் சுடுதண்ணீர் பட்ட தழும்பு. நாவற்குழிப் பாலத்து நெரிசலில் தகப்பனின் கை விட்டுப்போக, யாரோ தூக்கி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பெயர் கௌரி. பஸ் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கு என்ன நடந்தது? அதை நான் எழுதவில்லை.

இரண்டு மாதத்தில் அறுநூறு பேர் சேர்ந்துவிட்டார்கள், ஐயா. பாரிஸிலிருந்து ஜெரிசன் என்றொருவர் எழுதினார்: "கௌரியை லாச்சப்பலிலை கண்டனான். மரக்கறிக் கடையிலை நிண்டவ. முழங்கையிலை அதே தழும்பு." ஸ்காபரோவில் ஒரு கூட்டம் அவளுக்குப் பிறந்தநாள் கொண்டாடியது. கதை என்று எல்லாருக்கும் தெரியும். நம்புவதுபோல எழுதுவதுதான் விளையாட்டு.

கௌரி கற்பனை இல்லை. இதை உதயகலாவுக்கு நான் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். சிவகௌரி. எங்கள் ஊரில் புகையிலைத் தோட்டம் செய்த பொன்னம்பலத்தாரின் ஒரே பிள்ளை. கலியாணம் முடித்துப் பத்து வருஷத்துக்குப் பிறகு பிறந்தவள், அந்தப் பாலத்தில் காணாமல் போனாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பொன்னம்பலத்தார் தினமும் என் கவுண்டருக்கு வந்து, பிள்ளையைப் பற்றிக் கடிதம் வந்ததா என்று கேட்பார். இல்லை என்பேன். ஒருநாள், வரிசையில் இருபது பேர் பார்த்திருக்க, "கேதீசு, நீ என்ரை கடிதங்களை ஒளிச்சு வைச்சிருக்கிறாய். உன்ரை மூஞ்சையிலை எழுதிக் கிடக்கு," என்றார். அதோடு விடாமல் மேலிடத்துக்குப் பெட்டிசம் போட்டார். இரண்டு வருஷ விசாரணை. பதவி உயர்வு போனது. முத்திரை வாங்க வருகிறவர்கள் முதலில் என் கையைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். முடிவில் குற்றமில்லை என்று தீர்த்தார்கள். அவர் சொன்னது பொய்தான், ஐயா. ஒரு கடிதத்தையும் நான் ஒளிக்கவில்லை. அவர் அனுப்பத் தந்தவற்றை ஆவியில் பிடித்துத் திறந்து, வாசித்து, ஒழுங்காக ஒட்டி அனுப்பினேன். அவர் நாலு திசைக்கும் எழுதிய விசாரிப்புகளில்தான் சட்டையின் நிறமும் தழும்பும் இருந்தன.

போன சித்திரை மாதம், இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அவர் வீட்டுப் படலையைத் திறந்தேன்.

"உனக்கு இஞ்சை என்ன வேலை? வந்த வழியாலை திரும்பு."

"அண்ணை, கோவத்தைப் பிறகு காட்டுங்கோ. முதல் இதைப் பாருங்கோ," என்று போனை நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பாரிஸ், ஸ்காபரோ, ஒஸ்லோ. முன்பின் தெரியாத மனிதர்கள் தன் பிள்ளையின் முழங்கையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அன்று நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். வாசித்து முடித்து, என் தோளைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். பெட்டிசம் எழுதிய அதே கை.

அடுத்த கிழமை கௌரியே பாரிஸிலிருந்து அவருக்கு எழுதினாள். அதாவது, நான் எழுதினேன்.

பத்மாவதி அக்காதான் கொஞ்சம் கஷ்டம் தந்தவர். பொன்னம்பலத்தாரின் மனைவி. எழுபத்துமூன்று வயதிலும் கண் கத்தி.

"எழுத்து ஆரும் எழுதலாம். ஒருக்கா அவளைக் கதைக்கச் சொல்லுங்கோ. குரலைக் கேட்டால் எனக்குத் தெரியும்."

"வெக்கப்படுறா அக்கா. வாயைத் துறந்தால் பிரெஞ்சுதான் வருதாம்."

"பிரெஞ்சிலை அழட்டுமன். எனக்கு விளங்கும்."

"எடியேய், பிள்ளையை வெருட்டாதை," என்று பொன்னம்பலத்தார் அவரை அடக்கிவிட்டார். எனக்காகப் பரிந்து பேசினார், ஐயா. இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவை.

அவர் சொல்லச் சொல்ல நான் பதில்களைப் போனில் எழுதினேன். "நான் கையை விடேல்லை, பிள்ளை. மழை. கை ஈரமாக் கிடந்தது. வழுக்கிப் போட்டுது." அதை அப்படியே அந்தக் கிழமை அத்தியாயமாகப் போட்டேன். அன்று மட்டும் நானூறு பேர் அழுததாக எழுதினார்கள். அவர்களின் கண்ணீரைச் சேர்த்திருந்தால் சண்டிலிப்பாய்த் தோட்டங்களுக்கு ஒரு போகம் இறைத்திருக்கலாம்.

"அங்கிள், இந்த வரியை எங்கையிருந்து எடுத்தனீங்கள்?" என்றாள் உதயகலா.

"தானா வந்தது, பிள்ளை."

பிறகு எழுத்துவேலை எனக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது. அவர் வாழ்ந்தார், நான் போட்டேன். மகள் ஆவணியில் வருகிறாள் என்றதும் அறைக்கு வெள்ளையடித்தார். வெளிநாட்டுப் பிள்ளை குந்தியிருக்க மாட்டாள் என்று, இணுவிலிலிருந்து மேசனைக் கூட்டிவந்து கக்கூஸில் கொமட் பூட்டினார். பூட்டிய பிறகு, ஆடுகிறதா என்று வேட்டியை மடித்துக்கொண்டு தானே இருந்து பார்த்தார். அதைக்கூட நான் விடவில்லை. ஒஸ்லோவில் சிரித்துச் சிரித்தே ஒருவருக்கு விக்கல் எடுத்ததாம். முப்பத்துநாலு வயதுப் பிள்ளைக்கு மஞ்சள் சட்டை பிடிக்குமோ என்று என்னைக் கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அப்போதுதான் உதயகலா சொன்னாள், முடிவை ஆட்களிடம் விடுவோம் என்று. "வோட்டுப் போட விடுவம், அங்கிள். கௌரி வீட்டை வாறாளா, வாற வழியிலை செத்துப்போறாளா. ஒரு ரிக்கற்றுக்கு ஒரு வோட்டு." புதன்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்தது. அறுநூற்றுப் பதினொரு பேர் வாக்களித்திருந்தார்கள்.

மூன்று மணிக்குப் பொன்னம்பலத்தார் வீட்டில் இருந்தேன். பாரிஸ் விமான நிலையத்துக்கு வருகிற வழியில் காரோடு லொறி மோதிவிட்டது, கௌரி இல்லை என்றேன்.

அவர் அழவில்லை. "கடைசியா என்னவும் சொன்னவளோ?" என்று கேட்டார்.

என்னிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஒரு வரி சொல்லியிருக்கலாம். பரிசு பெறக்கூடிய வரிகள் மூன்று வாயில் நின்றன. "ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை," என்றேன்.

பத்மாவதி அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இருபத்தெட்டு வருஷமாக மகளுக்குச் செய்ய மறுத்த கிரியையைச் செய்ய, ஐந்தாம் நாள் காலை அவர் கீரிமலைக் கடற்கரைக்குப் போனார். ஐயர் சொன்னதெல்லாம் செய்தார். தட்சணை கொடுத்தார். வேட்டியைக் கட்டியபடியே கடலுக்குள் நடந்தார். ஆழம் வந்த பிறகும் நடந்தார் என்று ஐயர் உங்களிடம் சொல்லியிருப்பார்.

போனில் பார்த்த 'கடைசி பஸ்' என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு, விசாரித்து விசாரித்து, பத்மாவதி அக்கா உதயகலாவின் கந்தோருக்குப் போயிருக்கிறார். கணவரின் வார்த்தைகள் அங்கே சுவரிலிருந்த பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தனவாம். பிறகு உதயகலா என்னிடம் வந்தாள். "அங்கிள், சனம் அவளை வரச் சொல்லித்தானே வோட்டுப் போட்டது," என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. அங்கிருந்து நேரே உங்களிடம் வந்திருக்கிறாள்.

காலையில் நீங்கள் கேட்டபோது, ஆட்கள் முடிவெடுத்தார்கள், நான் கொண்டுபோய்ச் சொன்னேன் என்றேன். அதைத் திருத்துகிறேன். கௌரி சாக வேண்டும் என்றவர்கள் பத்தொன்பது பேர். ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேர் அவள் வீட்டுக்கு வர வேண்டும் என்றார்கள். சாகச் சொன்னவன் நான். தெரிந்துதான் சொன்னேன். தாங்க மாட்டார் என்பதும் தெரியும்.

ஆனால் வாக்களித்தவர்களை நான் ஏமாற்றவில்லை. அந்தப் புதன்கிழமை மாலையே கடைசி அத்தியாயத்தைப் போட்டேன். படலையில் வந்து இறங்குகிறாள் கௌரி. முழங்கையைத் திருப்பிக் காட்டுகிறாள். கிழவர் ஓடிவருகிறார், செருப்பில்லாமல். நான் எழுதியவற்றுள் அதுதான் உச்சம். தயவுசெய்து வாசித்துப் பாருங்கள், ஐயா. அதில் பொன்னம்பலத்தார் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று பாருங்கள். பெட்டிசம் போட்ட மனிதனுக்கு இவ்வளவு நல்லது வேறு யார் செய்திருப்பார்கள்?