நைட்ரஜன் வெளியேற வழி எங்கே?

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, மறைந்த நம் அம்மையாரின் கணவரும் முன் வரிசையில் இருப்பவருமான ஆசிரியர் ஐயா அவர்களே, வடிவமைப்புப் பிரிவிலிருந்தும் ஆலையிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் தோழர்களே! எனக்குக் குரல் தழுதழுக்கப் பேச வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

நம் மூத்த பொறியாளர் அம்மையாரை நீங்கள் எல்லோரும் 'ரவுண்டக்கா' என்றே அழைத்தீர்கள். ஏன் என்பது குடும்பத்தாருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆலையின் உலையில் மாறாமல் மிஞ்சும் வாயுவைத் திரும்ப உலைக்கே அனுப்புகிறோம். எவ்வளவு திரும்புகிறது என்று தெரிந்தால்தான் உலையைக் கணக்கிட முடியும். உலையைக் கணக்கிட்டால்தான் எவ்வளவு திரும்புகிறது என்று தெரியும். ஆகவே ஓர் எண்ணை ஊகித்துக் கொடுப்போம். ஊகமும் விடையும் ஒன்றாகும் வரை கணினி சுற்றிச் சுற்றிக் கணக்கிடும். சில நேரம் ஒன்றாகவே ஆகாது. மற்றவர்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போவார்கள். அம்மையார் மட்டும், "இன்னொரு ரவுண்டு ஓடட்டும்" என்பார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஆலை விரிவாக்கம். நான் திட்டத் தலைவர். இருநூறு சுற்று ஓடியும் கணக்கு ஒரு நிலைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை அறிக்கை போயாக வேண்டும். அவர் மேசைக்குப் போனேன்.

"டாலரன்ஸக் கொஞ்சம் தளர்த்திடுங்க. யாரு பாக்கப் போறாங்க?"

ஊகத்துக்கும் விடைக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதுதான் டாலரன்ஸ். அதைத் தளர்த்தினால் கணினி பச்சை காட்டிவிடும்.

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். "இந்த நைட்ரஜனப் பாருங்க சார். ஒவ்வொரு சுத்துக்கும் ஏறிக்கிட்டே போகுது. உள்ள வருது, வெளிய போக வழியே இல்ல. கம்ப்யூட்டர் மேல தப்பு இல்ல சார்."

"சொன்னதச் செய்ங்க."

"என்னால முடியாது சார்."

அவரைத் திட்டத்திலிருந்து நீக்கினேன்! ஆம், நான்தான். கோப்பை இன்னொருவரிடம் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் பச்சை.

அம்மையார் என்ன செய்தார்? மேலிடத்தில் புகார் சொன்னாரா? இல்லை. நாலு பேரிடம் மூக்கைச் சிந்தினாரா? அதுவும் இல்லை. மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறி ஆலைக்குப் போனார். அங்கே அவர் சந்தித்த ஆபரேட்டர் இதோ, கடைசி வரிசையில் இருக்கிறார். அன்று நடந்த பேச்சு அவர் எனக்குச் சொன்னது.

"அண்ணே, நைட்ரஜன் எது வழியா வெளிய போகுது?"

"இந்தச் சின்ன வால்வுதாம்மா. டூட்டிக்கு வந்ததும் அரை மணி நேரம் நானே திறந்து விடுவேன். இல்லன்னா பிரஷர் எகிறிடும்."

"வரைபடத்துல இது இல்லையே?"

"வரைஞ்சவங்க யாரும் இந்த ஏணியில ஏறலையே!"

புதிய வடிவமைப்பில் அந்த வால்வு இருந்த குழாயையே நீக்கியிருந்தோம், தோழர்களே! அப்படியே கட்டியிருந்தால்? அந்த ஏணியடியில் நின்றிருப்பவர் யார்? கடைசி வரிசையைத் திரும்பிப் பாருங்கள்.

மறுநாள் காலை வால்வின் புகைப்படத்தை என் மேசையில் வைத்தார். "என் மேல கோவம் இருந்தா இருக்கட்டும் சார். இத மட்டும் படத்துல சேத்துடுங்க." சேர்த்தோம். ஒன்பதாவது சுற்றில் கணக்கு கூடி வந்தது. டாலரன்ஸை யாரும் தொடவில்லை.

அந்த அறிக்கை பாராட்டுப் பெற்றது. முகப்பில் என் பெயர். உள்ளே எங்கும் அவர் பெயர் இல்லை. ஆறு ஆண்டுகள் ஒரே வராந்தாவில் எதிரும் புதிருமாக நடந்தோம். மன்னிப்புக் கேட்டிருந்தால், "விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருப்பார். அதைக்கூட நான் கேட்கவில்லை.

அவர் கணினியில் ஒரு கணக்கு மூன்று வாரமாகக் கூடிவராமல் கிடக்கிறது. அதை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். முடிப்பேன். இளைய பொறியாளர்களே, தளர்த்து என்று எவர் சொன்னாலும், அது நானாகவே இருந்தாலும், முடியாது என்று சொல்லுங்கள்! உங்களை யாரும் நீக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

ஆசிரியர் ஐயா, நடந்ததை எழுதி இன்று காலை இயக்குநரிடம் கொடுத்துவிட்டேன். அறிக்கையின் முகப்பும் திருத்தப்பட்டுவிட்டது. இப்போது அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. கீழே இறங்கி வந்து உங்கள் கையில் கொடுக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.