பூட்டு மாத்துன செலவு

இந்தச் சாக்ஸுக்கு மட்டும் ஜோடியே கெடைக்க மாட்டேங்குது பாருங்க, லொரெட்டா அக்கா. மெஷின்ல உங்க துணி காய இன்னும் நேரமிருக்குல்ல? ஒண்ணு கேக்கணும். கேட்டுப் பழக்கமில்ல எனக்கு, அதான் மடிச்சதையே மடிச்சிட்டிருக்கேன்.

ஆமா, வீடு மாறணும். சீக்கிரமா. எவங்க்கா தர்றான்? மூணு எடத்துல என் கிரெடிட் ரிப்போர்ட்டப் பாத்துட்டுக் கதவச் சாத்திட்டாங்க. டொலீடோல இருந்தப்ப ஸ்டூபெக்னு வீட்டுக்காரர். நான் எண்ணூறு டாலர் பாக்கின்னு வசூல் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டார். பூட்டு மாத்துன செலவாம்.

மாத்துனது நான்தான், என் காசுல. ஏனா? அவருகிட்டயும் ஒரு சாவி இருந்துச்சு. வேல முடிஞ்சு வந்தா எங்க சோபாவுல உக்காந்திருப்பாரு. குழாய் பாக்க வந்தேம்பாரு. கையில ஒரு ஸ்பானர்கூட இருக்காது. என் கப்புல காபி குடிச்சிட்டிருப்பாரு.

போலீஸா? வீட்டுக்காரன் வீட்டுக்குள்ள வந்தான், அதுக்கென்னம்மான்னாங்க.

அதான் சொல்லாமக் கெளம்பிட்டேன். தபாலாபீஸ்லகூடப் புது விலாசம் குடுக்கல. அவ்ளோ உஷாரு.

அந்தக் கடனா? லைப்ரரிப் பொண்ணுதான், அந்த ரிப்போர்ட் கம்பெனிக்கு ஆட்சேபம் எழுதிப் போடு, முப்பது நாள்ல பதில் வந்தாகணும்னா. ஒம்போதாவதோட நின்னவ நான், நாலு தாள் கிழிச்சேன். நான் நான்தான்னு காட்டணுமாமே, இந்த வீட்டுக் கரண்டு பில் காப்பியும் வெச்சேன். அத்தனையும் அப்படியே வீட்டுக்காரருக்கு அனுப்பி, இது நெசமான்னு கேப்பாங்களாம். எனக்கு யாரு சொன்னா?

ஐயோ, சிரிக்காதீங்கக்கா, ஜெயிச்சுட்டேன்! எண்ணூறும் வேணாம்னு அவரே கைப்பட எழுதிட்டாரு. ஆனா ரிப்போர்ட்ல அழியறதுக்கு இன்னும் ஒரு மாசமாகுமாம். அதுவரைக்கும் எவனும் வீடு தரமாட்டான்.

இல்ல, தபால்ல வரல. திங்கக்கிழம எங்க லெட்டர் பொட்டியில கெடந்துச்சு, ஸ்டாம்பே ஒட்டல. கீழ ஒரு வரி, பாப்பாவுக்கு முன்பல்லு விழுந்துடுச்சு போலன்னு. மேவிஸுக்கு அது விழுந்தது ஞாயித்துக்கிழம ராத்திரி. மறுநாள் காலைல ஸ்கூல் பஸ் ஏறறப்பதான் வெளியில சிரிச்சா.

அதான் கேக்கறேன், இந்த ஒரு மாசம் மட்டும் நீங்களும் எங்களோட பஸ் நிக்கற எடத்துக்கு... என்ன மேவிஸ்? மேல வீட்டுல இருந்து கத்தாதடி. யாரு கூப்பிடறா? எம்பேரச் சொல்லியா? இருடி, நீ கதவுகிட்டப் போகா...