நுரை கேட்டவர்கள் கை தூக்குங்கள்

தாமதமாக வந்தாலும் தலைமையைத் தவறவிடாத எங்கள் மருத்துவமனைக் குழுத் தலைவர் அவர்களே! பிணி தீர்க்கும் மருத்துவப் பெருமக்களே! கால் கடுக்க நின்றும் கலையாத பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் காதை என் பக்கமும் வைத்திருக்கும் தாய்மார்களே! அறுவை வார்டுச் செவிலியின் பணிவான வணக்கம்.

நான் அதிர்ந்துபோய் வந்திருக்கிறேன். நேற்றைய அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. எங்கள் வார்டில் தையல் போட்ட புண்கள் ஏன் அடுத்தடுத்துச் சீழ் பிடித்தன? தரை துடைக்கும் பளிச்சக்காவின் சோம்பல் என்றார்கள். அவரை வேலையிலிருந்து நீக்கும் தீர்மானம் சற்று நேரத்தில் இந்த மேடைக்கு வருகிறது. சோம்பலா? கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து துடைக்கிறவருக்கா சோம்பல்?

ஆய்வகத்துத் தம்பி அவருடைய வாளித் தண்ணீரைச் சோதித்தார். "சிஸ்டர், கிருமி மருந்து ஊத்தின வாளியிலயே கிருமி உயிரோட இருக்கு!" என்றார். நோயைக் கொல்ல வைத்த வாளியில் நோய் குடித்தனம் நடத்துகிறது! அக்காவிடம் ஓடினேன்.

"என்னக்கா கலந்தீங்க?"

"மருந்துதான் சிஸ்டர். கூடவே ரெண்டு கை சோப்புத்தூள்."

சோப்பு கெட்டதா, தாய்மார்களே? இல்லவே இல்லை! சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். வாலுக்குத் தண்ணீரே ஆகாது. கூட்டம் பெருகியதும் என்ன செய்யும்? வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே நீட்டி, உருண்டை உருண்டையாகத் திரளும். அந்த உருண்டையின் வயிற்றில் எண்ணெய் அழுக்கு மாட்டிக்கொண்டு வெளியேறும். அதுவரை நல்லதுதான்.

ஆனால் எங்கள் கிருமி மருந்தும் அதே தலை, அதே வால் கொண்ட வகையறா! தலையில் மட்டும் நேர் எதிரான மின்னேற்றம். ஆகவே சோப்பைக் கண்டதும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டது. கூட்டாகத் திரண்டது. கிருமியை மறந்தது. சண்டைக்கு அனுப்பினால், சம்பந்தம் பேசி உட்கார்ந்துவிட்டது! சிரிக்காதீர்கள் ஐயா, அங்கே மனிதர்களின் புண் அழுகிக்கொண்டிருந்தது.

"சோப்பு எதுக்குக்கா?" என்றேன்.

"நுரையே இல்ல, இதெல்லாம் ஒரு சுத்தமான்னு நோயாளியப் பார்க்க வர்றவங்க திட்டினாங்க சிஸ்டர். ஒரு பெரியவர் சத்தமே போட்டுட்டாரு."

"யாருக்கா அவர்?"

"அவரும் நல்லதுக்குத்தானே சொன்னாரு. அவரை எதுக்கு இழுக்கணும்?"

வேலை பறிபோகும் வேளையிலும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை, கேட்டீர்களா! இரண்டும் சேர்ந்தால் மருந்து செத்துவிடும் என்று அவரிடம் யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. நுரை எங்கே என்று மட்டும் ஊரே கேட்டது.

இப்போது நான் கேட்கிறேன். அவரிடம் நுரை கேட்டவர்கள் கை தூக்குங்கள்! பின் வரிசையில் ஒன்று. தூணருகே ஒன்று. தாய்மார்கள் பக்கம்... அம்மம்மா, இத்தனை கைகளா! ஏன் எல்லோரும் எனக்குப் பின்னால் பார்க்கிறீர்கள்?

தலைவர் அவர்களே... தாங்களா?

தூக்கிய கையைத் தாழ்த்தாதீர்கள் ஐயா. அந்தத் தீர்மானத்துக்கு எதிராக விழும் முதல் வாக்கு அதுவாகவே இருக்கட்டும்!

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வாசலில் வாளியோடு நிற்கும் பளிச்சக்கா, என் கடைசி வணக்கம் உங்களுக்கு. வெளியே நின்றது போதும், உள்ளே வாங்க.