மிலானையும் ஒரு ஆளா எழுதிக்கோ

இல்ல இல்ல, வெச்சிடாதம்மா. மிலான் ஹ்ருஸ்கா வீடேதான், சரியாத்தான் கூப்பிட்டிருக்க. நான் அவன் அப்பா, எமில். அவன் இப்ப வீட்ல இல்ல. அதுக்காக ஒடனே நன்றி சார், மன்னிக்கணும் சார்னு அடுத்த நம்பருக்குத் தாவிடுவியா? நில்லு. தேர்தல் சர்வேன்னுதானே சொன்ன? ஜனாதிபதி தேர்தல்ல யாருக்கு ஓட்டுன்னுதானே கேக்கப்போற? அவன் யாருக்குன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றேன், நீ அவன் பேருக்கு நேரா எழுதிக்கோ. ரெண்டு நிமிஷ வேலை.

முடியாதா. அவன் வாயாலயே சொல்லணுமா.

எனக்கு இந்த விதியெல்லாம் தெரியாதுன்னு நெனைச்சுக்காத கண்ணு. நாப்பத்தோரு வருஷம் இந்த ஊர்ல வீடு வீடா கதவு தட்டினவன் நான். குழாய் ஆலை யூனியன்ல நோட்டீஸ் எழுதறதும் நான்தான், அச்சடிக்கறதும் நான்தான், பனியில நின்னு குடுக்கறதும் நான்தான். காலேஜ் பக்கமே போனதில்ல. நான் படிச்சதெல்லாம் நாலு பக்க நோட்டீஸு. ஆனா ஒரு முதலாளி எந்த ஓட்டைல வரி கட்டாம நழுவறான்னு அவனோட கணக்குப்பிள்ளையை விட எனக்கு நல்லாத் தெரியும்.

நீ எங்கேர்ந்து பேசற? நெப்ராஸ்காவா. பின்னாடி ஒரே இரைச்சலா இருக்கே, எத்தனை பேர் உக்காந்திருக்கீங்க? அறுபதா! உங்களுக்கு யூனியன் இருக்கா? சிரிக்காத, நெசமாத்தான் கேக்கறேன். ஒண்ணுக்குப் போக எத்தனை நிமிஷம் விடறான்? பார்த்தியா, சொல்ல யோசிக்கற. மேலாளர் ஒட்டுக் கேக்கறானோ? கேக்கட்டும். ஐயா மேலாளரே, இந்தப் பொண்ணு நல்லா வேலை பாக்குது. கிழவன்தான் விட மாட்டேங்கறான்னு எழுதிக்கோங்க.

சரி சரி, கோவிச்சுக்காத. விஷயத்துக்கு வரேன்.

என் பதிலா? எதுக்கு அது? பேரு லிஸ்ட்ல இல்லேன்னாலும் பேச்சுக்குக் கேக்கறியாக்கும். என்னை ஆயுசுல ஆறு தடவ கேட்டிருக்காங்க. சாப்பாட்டு நேரம் பாத்துக் கூப்பிடுவாங்க, நானும் தட்டைத் தள்ளி வெச்சுட்டுப் பேசுவேன். என் பதில் எல்லாருக்கும் தெரியும், இந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். லிண்டால் அம்மாவுக்குத்தான். எங்க ஆளுநரா எட்டு வருஷம் இருந்தவங்க. வருமான வரிக் கணக்கை, இருபத்திரெண்டு வருஷத்துக் காகிதத்தை, மேசை மேல போட்டு, வாங்க, வந்து பாருங்கன்னாங்க. அவங்களை எதிர்த்து நிக்கற அந்த ப்ரூஸ்டர் என்ன பண்றான்? நாடு முழுக்க குளிர்கிடங்கு வெச்சிருக்கான், ஒம்பது வருஷம் ஒரு டாலர் வருமான வரி கட்டல. காகிதத்தைக் காட்டுடான்னா வக்கீல் வேணாங்கறார்ங்கறான். என் வக்கீல் வேணாங்கறார்னு நான் ஒரு வருஷம் வீட்டு வரி கட்டாம இருந்தேன்னு வெச்சுக்கோ, வாசல்ல போலீஸ் நிக்கும்.

ஆனா மிலான் ஓட்டு ப்ரூஸ்டருக்கு. ஆமா. என் வீட்ல, என் மேசைல உக்காந்து சாப்பிட்டுட்டு. அதைத்தான் எழுதச் சொல்றேன்.

ஏன்னு கேக்கற கட்டம் இருக்கா உன் தாள்ல? இல்லாட்டியும் கேளு.

அவனும் அந்த ஆலைலதான் இருந்தான், வெல்டிங். பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி முதலாளி, வரியைக் குறைக்கலேன்னா மூடிட்டுப் போயிடுவேன்னு மெரட்டினான். லிண்டால் அம்மாதான் பத்து வருஷ வரியை மன்னிச்சுக் கையெழுத்துப் போட்டாங்க. அதுக்கு ஆதரவா வந்த நோட்டீஸை எழுதினது யாரு? இந்த எமிலு. சலுகை குடு, வேலை நிக்கும்னு தலைப்பு. ஏழாயிரம் பிரதி. பத்து வருஷம் முடிஞ்சுது, பதினோராவது வருஷம் மார்ச் மாசம் கேட்ல பூட்டு தொங்குது. மிலான் வேலை போச்சு. கொஞ்ச நாள்ல பொண்டாட்டியும் போயிட்டா. என் மாடி ரூமுக்கு மூட்டையோட வந்து சேர்ந்தான். அப்புறம் லாரி ஓட்டக் கத்துக்கிட்டான், சிகாகோவுக்கும் எங்க ஊருக்கும்.

இந்தக் கோடை பூரா மேசைல ஒரே சண்டை. அவன் என்னைத் தலைவரேன்னுதான் கூப்பிடுவான், நக்கலா. தலைவரே, உங்க லிண்டால் அம்மா மன்னிச்ச வரியும் வரிதானே, ப்ரூஸ்டர் கட்டாத வரியும் வரிதானே, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்பான். நான் மேசையைத் தட்டுவேன். இவங்க ஊருக்காகப் பண்ணாங்கடா, அவன் தனக்காகப் பண்றான்பேன். ஊருக்கு என்ன கெடைச்சுது, எனக்கு அந்தப் பூட்டு கெடைச்சுதும்பான். ப்ரூஸ்டராவது திருடன்னு சொல்லிட்டுத் திருடறான், உங்க ஆளுங்க நோட்டீஸ் அடிச்சுட்டுத் திருடறாங்கன்னு ஒரு நாள் சொன்னான். அன்னைக்கு நான் சாப்பிடல.

அப்புறம் இந்த சர்வே. பேப்பர்ல லிண்டால் நாலு புள்ளி முன்னாடின்னு வந்துது. நான் வேணும்னே சத்தமாப் படிச்சேன். யாரைக் கேட்டாங்கன்னான். ஆயிரத்தி நூறு பேரைன்னேன். அதுல நான் இருக்கேனாப்பா, எனக்கு முப்பத்தாறு வயசு ஆகுது, ஒருத்தனாவது ஒரு தடவ போன் பண்ணி மிலான், நீ என்ன நெனைக்கறன்னு கேட்டிருக்கானான்னான். நான் மேதாவியாச்சே, விடுவேனா? ரத்தத்துல சர்க்கரை பாக்க ஒரு சொட்டு எடுத்தாப் போதும்டா, ஒடம்பு ரத்தத்தையே உறிஞ்ச வேணாம்னேன். அவன் சிரிச்சுட்டு, அந்த ஊசி என்னைக்குமே என் மேல குத்தறதில்லியே தலைவரேன்னு தட்டைக் கழுவப் போயிட்டான்.

அதனாலதான் கண்ணு, போனை எடுத்ததும் மிலான் ஹ்ருஸ்கா இருக்காரான்னு நீ கேட்டியா, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டேன்.

வியாழக்கிழமை கூப்பிடறியா? வேணாம். சனிக்கிழமையும் வேணாம். செல்போன் நம்பரும் வேணாம், அதை இப்ப யாரும் எடுக்கறதில்ல. இப்பவே எழுதிக்கோயேன். நீ ஒரு நம்பரை அமுக்கப் போற, அவ்வளவுதானே? நானும் நம்பர் போட்டவன்தான். கதவு தட்டப் போறச்ச கைல அட்டை இருக்கும், ஒவ்வொரு பேருக்கும் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் போடுவோம். ஒண்ணுன்னா நம்ம ஆளு. மூணுன்னா ரெண்டும் கெட்டான், அவன் வீட்டுக்கு மூணு தடவ போகணும். அஞ்சுன்னா எதிராளி. அஞ்சு போட்ட வீட்டுக் கதவை மறுபடி தட்டக்கூடாது, நேரம் வீணு. அந்த விதியை எழுதினதே நான்தான். இன்னைக்கும் சின்னப் பசங்க அதைத்தான் படிச்சுட்டுப் போறாங்க.

ஆகஸ்ட்ல என் தெரு அட்டையை எடுத்தேன். எங்க வீட்டு வரிசைல ரெண்டு பேரு. எமில், ஒண்ணு. மிலான், அஞ்சு. பேனாவால போட்டேன், பென்சில்லகூட இல்ல.

அப்புறம் அந்தக் கதவை நான் தட்டல. மாடில லைட் எரியும், ரேடியோ கேக்கும். நான் கீழ இருப்பேன். வெள்ளிக்கிழமை சர்ச்ல விக்கற பியரோகி கொழுக்கட்டை வாங்கிட்டு வந்து அவன் பங்கை அடுப்பு மேல மூடி வெச்சிருப்பேன், அவன் எடுத்துட்டுப் போவான். பேச்சு மட்டும் இல்ல. ஏழு வாரம். ஸ்ட்ரைக் சமயத்துல கருங்காலிகளோடகூட நான் அத்தனை நாள் பேசாம இருந்ததில்ல.

என்ன, மேலாளர் கையைக் காட்டறானா? இன்னும் கொஞ்ச நேரம். நீ கேக்கற மாதிரி கேளேன், அவன்கிட்ட கேக்கற மாதிரி. நான் ஒண்ணும் மாத்திச் சொல்ல மாட்டேன். சத்தியமா.

வயசு முப்பத்தாறு. வேலை, லாரி ஓட்டறது. ஓட்டுப் போடுவாரா, கண்டிப்பாவா, ஒருவேளையா... கண்டிப்பா. தபால் ஓட்டுதான், லாரில போறவன் தேர்தல் அன்னைக்கு, செவ்வாய்க்கிழமை, எங்க இருப்பான்னு யாரு கண்டா. வேட்பாளர் வரிக் கணக்கைக் காட்டாதது உங்களை எவ்வளவு பாதிக்குது, ரொம்பவா, கொஞ்சமா, இல்லவே இல்லையா... இரு. அவன் என்ன சொல்லுவான்? இல்லவே இல்லன்னுதான் எல்லாரும் நெனைப்பாங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன். ஆனா ஒரு நாள் ப்ரூஸ்டர் டிவில வக்கீல் வக்கீல்னு இளிக்கறச்ச, மிலான் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கொறைச்சான். கொறைச்சான். கொஞ்சம்னு போடு. நான் மூணு போட்டிருக்கணும். மூணு தடவ அந்தப் படியேறிப் போயிருக்கணும்.

போட்டிருக்கணும், போயிருக்கணும்னு இனிமே முடியாத மாதிரி சொல்றேனா? கவனிச்சுட்டியா. நல்ல காது உனக்கு.

ஆமாம்மா. இந்த மாசம் பதினொண்ணாம் தேதி. இண்டியானா நெடுஞ்சாலைல, விடியக்காலம் மூடுபனி. முன்னாடி நின்ன லாரி தெரியல. அவன் அம்மா அரிசோனாலேர்ந்து வந்தா, அடக்கம் பண்ணிட்டோம், திரும்பிப் போயிட்டா. உன் லிஸ்டு அதுக்கு முன்னாடி எடுத்தது, அதுல அவன் இன்னும் இருக்கான்.

அழாத. நீ வேலைல இருக்க, அழுதா எழுதிக்குவாங்க. அப்புறம் ஒண்ணு, உன்கிட்ட அதுக்கு ஒரு நம்பர் இருக்கும். இறந்துட்டார்னு அமுக்கினா பேரு போயிடும், இல்ல? அதை இன்னும் அமுக்காத. நான் முடிச்சுடறேன்.

அவன் கெளம்பின அன்னைக்குக் காலைல, நான் காபி குடிச்சுட்டிருந்தேன். ஏழு வாரத்துக்கப்புறம் அவன்தான் மொதல்ல வாயைத் தெறந்தான். நீளக் கவர் ஒண்ணை மேசை மேல வெச்சான். தபால் ஓட்டு. அப்பா, ஸ்டாம்ப் ஒட்டிட்டேன், நீ வாசல் தபால்பெட்டில வெச்சு, பெட்டி மேல இருக்கற அந்தச் சிவப்புக் கொடியைத் தூக்கி விட்டுடு, தபால்காரர் எடுத்துட்டுப் போயிடுவார், எனக்கு நேரமாச்சுன்னான். கதவுகிட்ட போய்த் திரும்பினான். எதிராளி ஓட்டுன்னு முழுங்கிடாதீங்க தலைவரேன்னு சிரிச்சான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஓட்டுரிமைக்காக ரெண்டு தடவ ஜெயிலுக்குப் போனவன்டா நான்னேன். அது தெரியும்ப்பா, அதனாலதான் உன்கிட்ட குடுக்கறேன்னான்.

அதான் கடைசிப் பேச்சு.

அவன் போனதும் நான் எழுந்து... தபால்காரர் பதினோரு மணிக்கு வந்தாரு, போனாரு. நாளைக்கு வெச்சுக்கலாம்னு நெனைச்சேன். மறுநாளும் வந்தாரு, போனாரு. எங்க தெருவுல இந்தத் தடவ ஒவ்வொரு ஓட்டும் முக்கியம்னு நான்தான் ஊரெல்லாம் பேசிட்டு வந்திருந்தேன். கிழிக்கலம்மா. கிழிக்கணும்னு நெனைக்கவும் இல்ல. மாவு டப்பா பின்னாடி நிறுத்தி வெச்சேன், அவ்வளவுதான். வாழ்நாள் பூரா கொடி புடிச்சவன், விரல் நீளத்துக்கு இருக்கற அந்தக் கொடியைத் தூக்கல.

மூணாம் நாள் போலீஸ் வந்தாங்க.

இதோ என் முன்னாடிதான் இருக்கு. வெளியில அவன் கையெழுத்து, அவசரத்துல போட்டது. ஸ்டாம்ப் கொஞ்சம் கோணலா ஒட்டியிருக்கான். இப்ப அனுப்பினா எடுத்துக்குவாங்களான்னு தேர்தல் ஆபீஸ்ல கேக்கலாம். கேட்டா, இதுவரைக்கும் எங்க இருந்துதுன்னு கேப்பாங்க.

சரி கண்ணு, கடைசிக் கேள்வி ஒண்ணு இருக்குமே. சொன்ன வேட்பாளருக்குத்தான்னு உறுதியா இருக்கீங்களா, இல்ல மாறுவீங்களான்னு. அதைக் கேளு.

உறுதியா. மாறமாட்டான்.